போபால் வழக்கை நியூயார்க்கில் நடத்தியிருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரிமையியல் நடைமுறைச் சட்டம் என்றதும் வாய்தா, வக்காலத்து, கோர்ட் ஃபீஸ் என்று கொட்டாவி விடும் மாணவர்களுக்கு நான் போபாலைத்தான் எடுத்து வைப்பேன். விஷவாயு கசிந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வழக்கு முதலில் எந்த ஊர் கோர்ட்டுக்குப் போனது, அங்கே ஓர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் என்ன சொன்னார், நீதிபதி ஏன் அதை ஏற்கவில்லை என்பதெல்லாம் பலருக்குத் தெரியாது. வகுப்பில் மாணவர்களும் வெளியே நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

விபத்து நடந்தது போபாலில். அமெரிக்காவில் எப்படி வழக்குப் போட்டார்கள்?

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட் ஆலையின் 610-ஆம் எண் தொட்டியிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. ஆலை இந்தியக் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியின் பங்குகளில் 50.9 சதவீதம் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கார்ப்பரேஷன் கையில் இருந்தது. தாய்க் கம்பெனி நியூயார்க் மாநிலச் சட்டப்படி உருவானது, தலைமையகம் கனெக்டிகட்டின் டான்பரியில். பிரதிவாதி குடியிருக்கும் ஊரில் அவர் மேல் வழக்குப் போடலாம் என்பது நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் (சிபிசி) 20-ஆம் பிரிவும் சொல்கிற சங்கதிதான். அந்த வகையில் அமெரிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரவரம்பு உண்டா என்பதில் பெரிய சண்டை இல்லை.

வாயு கசிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 7-ஆம் தேதியே அங்கே முதல் வழக்கு தாக்கலாகிவிட்டது. அமெரிக்க வக்கீல்கள் விமானம் ஏறி வந்து, போபால் சந்துகளில் வக்காலத்துக்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பல மாநிலங்களில் குவிந்த 145 வழக்குகள் 1985 பிப்ரவரியில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் கீனன் முன் வந்தன. அடுத்த மாதம் நம் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட அனைவர் சார்பிலும் வழக்காடும் உரிமையை மத்திய அரசுக்கே கொடுத்தது. பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு அரசே பெற்றோர் என்ற பழைய கோட்பாடுதான் அதற்கு அடிப்படை. ஏப்ரல் 8-ஆம் தேதி இந்திய அரசே நியூயார்க்கில் வாதியாகப் படியேறியது.

சொந்த நாட்டுக் கோர்ட் இருக்க, இந்திய அரசு ஏன் அங்கே போனது?

கம்பெனியின் சொத்து அங்கே இருந்தது. ஆலையின் வடிவமைப்பு, பாதுகாப்பு ஆய்வு பற்றிய தாய்க் கம்பெனியின் கோப்புகளும் அங்கேதான் இருந்தன. அமெரிக்க நடைமுறையில் 'டிஸ்கவரி' என்று ஒன்று உண்டு. விசாரணை தொடங்கும் முன்பே எதிர்த்தரப்பின் கோப்புகளைக் கேட்டு வாங்கலாம், அதிகாரிகளை உட்கார வைத்து மணிக்கணக்கில் கேள்வி கேட்டுப் பதிவு செய்யலாம். நம் சிபிசியின் 11-ஆம் கட்டளையிலும் ஆவணம் கேட்கும் வழி இருக்கிறது. ஆனால் அது கிணற்றில் வாளி விட்டு மொள்வது, அவர்களுடையது மோட்டார் போட்டு இறைப்பது.

மற்றதெல்லாம் பணக் கணக்கு. அங்கே ஜூரி உண்டு, தண்டனையாகவே விதிக்கும் கூடுதல் இழப்பீடு உண்டு, ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று வக்கீல் வழக்கை எடுக்கலாம். இங்கே ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் பேசுவது தொழில் ஒழுங்குக்கு விரோதம். கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் வேறு ஏறும்.

அந்தப் பேராசிரியர் யார்?

மார்க் கேலன்ட்டர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். ஆனால் அவர் வாழ்நாள் ஆராய்ச்சியில் பெரும் பகுதி இந்தியாவைப் பற்றியது. இட ஒதுக்கீடு பற்றி நம் நீதிமன்றங்கள் சொன்னதையெல்லாம் அவர் அளவுக்கு ஊன்றிப் படித்த வெளிநாட்டார் அரிது.

உரிமையியல் நடைமுறை படிப்பவர்கள் அவரை வேறு ஒன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வழக்காடிகளை அவர் இரண்டாகப் பிரித்தார். ஆயுளில் ஒரே ஒருமுறை கோர்ட் படி ஏறுபவர் ஒரு வகை. அதையே தொழில்போலத் திரும்பத் திரும்பச் செய்யும் வங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனி, அரசு இன்னொரு வகை. முதலாமவருக்கு இந்த ஒரு வழக்கே வாழ்க்கை. இரண்டாமவருக்கு இது நூற்றில் ஒன்று. தோற்கிற வழக்கைச் சமரசம் பேசி முடிப்பார், ஜெயிக்கிற வழக்கை மேலே கொண்டு போய்த் தனக்குச் சாதகமான முன்தீர்ப்பாக்கிக் கொள்வார். சட்டம் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாலும் நடைமுறை இரண்டாமவர் பக்கமே சாயும் என்றார். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவருக்கு இதற்கு விளக்கமே வேண்டாம்.

நியூயார்க்கில் அவர் சாட்சிக்கூண்டில் ஏறினாரா?

இல்லை. இந்தியத் தரப்புக்காகப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். வெளிநாட்டுச் சட்டம் எப்படிப்பட்டது என்று உள்ளூர் நீதிபதிக்குத் தெரியாது. தெரிந்தவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அது சாட்சியம் கொண்டு நிரூபிக்க வேண்டிய பொருண்மை, அதாவது மற்றச் சம்பவங்களைப் போல ஒரு விவரம். அமெரிக்கக் கூட்டரசு விதிகளில் அது சட்டப் பிரச்சினை, ஆனாலும் நிபுணர் கருத்தை நீதிபதி பார்க்கலாம்.

அவர் சொன்னதன் சாரம் இது. இந்தியாவில் வழக்குகள் பல்லாண்டு இழுக்கும். உயிருக்கும் உடலுக்கும் நேரும் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டப்பிரிவு அங்கே வளரவே இல்லை, பதிவான தீர்ப்புகள் மிகச் சொற்பம். அதில் தனித் தேர்ச்சி பெற்ற வக்கீல் கூட்டமும் இல்லை. லட்சக்கணக்கானோரின் கோரிக்கையை ஒரே வழக்கில் தாங்கும் நடைமுறையும் இல்லை. இந்த நீதி அமைப்பு ஆங்கிலேயன் தன் ஆட்சி வசதிக்குக் கட்டியது, அந்தப் பாரத்தை அது இன்னும் இறக்கி வைக்கவில்லை.

ஒவ்வொரு வரியும் உண்மை. வாதியோ இந்திய அரசு. 'எங்கள் கோர்ட் இதற்கு லாயக்கில்லை' என்று ஓர் அரசு வெளிநாட்டில் போய்ச் சொல்ல, அதற்கு ஆதாரமாக ஓர் அமெரிக்கர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கம்பெனி இதற்கு என்ன பதில் சொன்னது?

இந்திய நீதிமன்றங்கள் அருமையானவை என்று சொன்னது! அதற்காக இரண்டு இந்தியச் சட்ட வல்லுநர்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கிப் போட்டது: நானி பல்கிவாலா, ஜே. பி. தாதாசான்ஜி. பல்கிவாலா சாதாரண ஆள் இல்லை. கேசவானந்த பாரதி வழக்கை வாதாடியவர், அமெரிக்காவில் இந்தியத் தூதராக இருந்தவர். நம் கோர்ட்டுகளின் தாமதத்தை நத்தையோடு ஒப்பிட்டுக் கேலி செய்தவரும் அவரேதான். அன்று அந்த நத்தைக்கு ஓடத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார். வக்கீல் தொழிலில் இது நடப்பதுதான், அவரைத் திட்டிப் பயனில்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு இன்னும் ஒரு மாதிரிதான் இருக்கிறது.

'ஃபோரம் நான் கன்வீனியன்ஸ்' என்கிறார்களே, அது என்ன?

லத்தீன் தொடர். 'இந்த வழக்கை விசாரிக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் இதற்குப் பொருத்தமான இடம் வேறு, அங்கே போங்கள்' என்று நீதிமன்றம் அனுப்பி வைப்பது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-இல் இதற்கு அளவுகோல் வகுத்தது. சாட்சிகள் எங்கே, ஆவணங்கள் எங்கே, இடத்தைப் பார்வையிட வேண்டுமா, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், இந்த வழக்கில் யாருக்கு அக்கறை அதிகம் என்று பார்க்க வேண்டும்.

1981-இல் ஸ்காட்லாந்து விமான விபத்து வழக்கில் அதே நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. வெளிநாட்டு வாதி அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேர்வுக்கு உள்நாட்டு வாதியின் தேர்வுக்குள்ள மதிப்பு கிடையாது. மாற்று இடத்தின் சட்டம் வாதிக்குச் சாதகம் குறைந்தது என்பது மட்டும் காரணம் ஆகாது. போபால் வழக்கின் தலையெழுத்தைப் பாதி எழுதியது அந்தத் தீர்ப்பு. கேலன்ட்டர் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் இந்தச் சுவரில்தான் போய் முட்டியிருக்கும்.

கீனன் என்ன தீர்ப்புச் சொன்னார்?

1986 மே 12. வழக்கு இந்தியாவுக்குப் போகட்டும் என்றார். ஆலையில் வேலை பார்த்தவர்கள் இந்தியர்கள், அங்கிருந்த கடைசி அமெரிக்கர் 1982-லேயே கிளம்பிவிட்டார். விரிவான வடிவமைப்பு வேலை நடந்தது இந்தியாவில். சாட்சிகள் பலர் பேசுவது இந்தி. பொருந்தப்போவதும் இந்தியச் சட்டம். தாமதம் பற்றிய வாதத்துக்கு, தனிச் சட்டமே போட முடிந்த அரசு விரைவு விசாரணைக்கும் வழி செய்துகொள்ளலாம் என்பது அவர் பதில்.

கடைசியில் ஒரு வாதம் வைத்தார். இந்த வழக்கை நான் வைத்துக்கொண்டால் அது இன்னொரு ஏகாதிபத்தியச் செயலாகிவிடும், இந்திய நீதித்துறை உலகின் முன் நிமிர்ந்து நிற்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றார். பேராசிரியர் எடுத்துச் சொன்ன காலனியப் பாரத்தையே அவர் திருப்பிப் போட்டுவிட்டார் பாருங்கள். கேட்க இனிமையான வாதம். நிமிர்ந்து நிற்கும் கௌரவம் நீதித்துறைக்கு, காத்திருக்கும் வேலை மட்டும் போபால்காரர்களுக்கு.

வெறுமனே அனுப்பிவிட்டாரா, நிபந்தனை போட்டாரா?

இதுதான் நல்ல கேள்வி. அதிகம் பேர் கேட்பதில்லை.

மூன்று நிபந்தனைகள் போட்டார். ஒன்று, கம்பெனி இந்திய நீதிமன்றத்தின் அதிகாரவரம்பை ஏற்க வேண்டும், காலாவதி என்று தப்பிக்கக் கூடாது. இரண்டு, இந்திய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி மேல்முறையீட்டிலும் அது நின்றால், குறைந்தபட்ச நியாய நடைமுறை பின்பற்றப்பட்டிருக்கும் பட்சத்தில், கம்பெனி அதன்படி பணம் கட்ட வேண்டும். மூன்று, வாதிகள் கேட்டால் அமெரிக்க விதிகளின்படி டிஸ்கவரிக்குக் கட்டுப்பட வேண்டும்.

1987 ஜனவரி 14-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது, ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் வெட்டிவிட்டது. வெளிநாட்டுப் பணத் தீர்ப்புகளை ஏற்க நியூயார்க்கில் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது, தனி நிபந்தனை குழப்பத்தைத்தான் உண்டாக்கும் என்றது. டிஸ்கவரி ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை, இரு தரப்பும் பரஸ்பரம் ஒத்துக்கொண்டு இந்திய நீதிமன்றமும் அனுமதித்தால் செய்துகொள்ளட்டும் என்றது. தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பலன் என்ன? டான்பரியில் இருந்த கோப்பு டான்பரியிலேயே இருந்துவிட்டது. போபாலில் ஜெயித்தாலும் பணம் வாங்க நியூயார்க்கில் இன்னொரு வழக்குப் போட்டு, 'இந்தத் தீர்ப்பு முறையாகத்தான் சொல்லப்பட்டது' என்று மறுபடி வாதாட வேண்டும்.

வழக்கு இந்தியாவுக்கு வந்ததால் தோற்றோம் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த இரண்டு நிபந்தனைகளோடு வந்திருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். வெறுங்கையோடு வந்ததுதான் வினை.

பணம் வராமலே போகும் என்ற பயம் இருந்ததா?

இருந்தது. கம்பெனி அப்போது தன் தொழில்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தது. பேட்டரி வியாபாரமே கைமாறியது. போபால் மாவட்ட நீதிமன்றத்தில் தடை கேட்கப்பட்டு, 300 கோடி டாலர் மதிப்புள்ள சொத்தை வில்லங்கமில்லாமல் வைத்திருப்பதாக 1986 நவம்பரில் கம்பெனி உறுதி கொடுத்தது. எல்லை தாண்டிய வழக்கில் தீர்ப்பு வாங்குவதற்கு முன்பே சொத்தைக் கட்டிப்போடுவது எப்படி என்று கேட்கும் மாணவனுக்கு இது நல்ல பாடம்.

இந்தியாவில் பிறகு என்ன நடந்தது?

1986 செப்டம்பரில் போபால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு தாக்கலானது. அடுத்த ஆண்டு டிசம்பர் 17-இல் நீதிபதி தேவ், சிபிசி 151-ஆம் பிரிவின் இயல்பான அதிகாரத்தைப் பயன்படுத்தி, இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் கட்டச் சொன்னார். 1988 ஏப்ரலில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 250 கோடியாகக் குறைத்தது. 151-ஐ நம்பாமல், தீங்குக்கான இழப்பீட்டுச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது என்று வேறு அடித்தளம் போட்டது.

காலணா வரவில்லை. நியூயார்க் சட்டம் ஏற்பது இறுதியான தீர்ப்பைத்தான். விசாரணையே நடக்காமல் கட்டச் சொன்ன இடைக்காலத் தொகையை அங்கே எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரு தரப்பும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1989 பிப்ரவரி 14-இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது, அன்றைய மதிப்பில் சுமார் 715 கோடி ரூபாய். அரசு கேட்டிருந்தது 300 கோடி டாலருக்கும் மேல். சமரசத்தின்போது இறந்தவர்கள் 3,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். பின்னால் இழப்பீடு வழங்கப்பட்ட இறப்புகள் மட்டுமே 5,295. காயம்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். 2004-இல் மிச்சமிருந்த பணத்தைப் பிரித்தபோது அதே அளவு இன்னொரு முறை. கூடுதல் தொகை கேட்டு மத்திய அரசு 2010-இல் போட்ட க்யூரேட்டிவ் மனுவை (முடிந்துபோன தீர்ப்பைத் திருத்தக் கேட்கும் கடைசி மனு) 2023 மார்ச் 14-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தள்ளுபடி செய்தது.

அப்படியானால் பேராசிரியர் சொன்னது பலித்துவிட்டதா?

தாமதம் பற்றிச் சொன்னது பலித்தது. சட்டம் வளரவில்லை என்று சொன்னது முழுக்கப் பலிக்கவில்லை. கீனன் தீர்ப்புக்கு ஏழு மாதம் கழித்து, 1986 டிசம்பரில், டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் தலைமை நீதிபதி பகவதி 'முழுப் பொறுப்பு' என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்தார். ஆபத்தான தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது, கம்பெனி எவ்வளவு பெரியதோ இழப்பீடும் அந்த அளவுக்கு இருக்கும். போபாலை மனதில் வைத்தே அது எழுதப்பட்டது என்பது என் துணிபு. ஆனால் போபால் வழக்கு முழு விசாரணைக்கே வராததால் அங்கே இறுதித் தீர்ப்பு எதிலும் அது பயன்படவே இல்லை.

1974-இல் அவர் போட்ட அந்த இரண்டு வகைக் கணக்கைத்தான் நான் மேலாக நினைக்கிறேன். போபால்காரர் கோர்ட்டுக்கு வந்தது ஒரே முறை, அதையும் அவர் பெயரில் அரசே நடத்திச் சமரசமும் செய்துவிட்டது.

இந்தியாவின் வெற்றித் தீர்ப்பை நியூயார்க்கில் நிறைவேற்றியிருக்க முடியுமா?

ஈக்வடாரைப் பாருங்கள். அமேசான் காட்டில் எண்ணெய்க் கழிவைக் கொட்டியதாக டெக்ஸாகோ மீது 1993-இல் நியூயார்க்கில் வழக்கு. பொருத்தமான இடம் ஈக்வடார்தான் என்று கம்பெனி வாதாடி ஜெயித்தது. வழக்கு அங்கே போனது. இடையில் டெக்ஸாகோவை ஷெவ்ரான் வாங்கியிருந்தது. 2011-இல் ஈக்வடார் நீதிமன்றம் பல நூறு கோடி டாலர் கட்டச் சொன்னது, அது பிறகு 950 கோடி டாலராக நின்றது. கம்பெனியோ அந்த 2011-லேயே அதே நியூயார்க்குக்கு ஓடி வந்து, ஈக்வடார் தீர்ப்பு மோசடியால் வாங்கப்பட்டது என்றது. 2014-இல் நியூயார்க் நீதிபதி அதை ஏற்றார். வாதிகளின் வக்கீல் தரப்பு செய்த காரியங்களும் சுத்தமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 'அங்கே போ' என்று அனுப்பும் வாசலும் 'அந்தத் தீர்ப்புச் செல்லாது' என்று தடுக்கும் வாசலும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

இன்று இதுபோல நடந்தால் எங்கே போகலாம்?

லண்டன் பக்கம் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. ஜாம்பியாவின் சிங்கோலா பகுதியில் தாமிரச் சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்ததாக 1,826 கிராமத்தார் வேதாந்தா மீது இங்கிலாந்தில் வழக்குப் போட்டார்கள். தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தா குழுமம். 2019 ஏப்ரலில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் வழக்கை அங்கேயே நடத்த அனுமதித்தது. ஜாம்பியாதான் இயல்பான இடம் என்று ஒப்புக்கொண்டே, இவ்வளவு பெரிய வழக்கை நடத்தப் பணமும் பழகிய வக்கீல்களும் அங்கே கிடைக்காது, ஆகவே அங்கே அனுப்பினால் நீதி கிடைக்காது என்றது. கேலன்ட்டர் 1985-இல் சொன்ன வாதத்தின் சாயலை இதில் பார்க்கலாம்.

என் உறவினருக்கு அமெரிக்காவில் பணத் தீர்ப்புக் கிடைத்திருக்கிறது. சென்னையில் நேரடியாக நிறைவேற்றலாமா?

முடியாது. சிபிசி 44-ஏ பிரிவின்படி, மத்திய அரசு அறிவித்த நாடுகளின் மேல் நீதிமன்றத் தீர்ப்பாணையை மட்டுமே நேராக இங்கே நிறைவேற்றலாம். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா அதில் உண்டு, 2020 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரகமும் உண்டு. அமெரிக்கா இல்லை. அந்தத் தீர்ப்பை ஆதாரமாக வைத்து இங்கே புது வழக்குப் போட வேண்டும், அதற்குக் கெடு மூன்று ஆண்டு. 13-ஆம் பிரிவின் விதிவிலக்குகள் இரண்டு வழிக்கும் பொருந்தும்: அதிகாரவரம்பு இல்லாதது, வழக்கின் தகுதியைப் பார்க்காமல் சொன்னது, மோசடியால் பெற்றது போன்றவை இங்கே செல்லாது. சம்மனுக்கு எதிர்த்தரப்பு ஆஜராகாமலே வந்த தீர்ப்பு என்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

போபால்காரர்கள் மறுபடி நியூயார்க் போனார்களா?

போனார்கள். 1999-இல் தொடங்கி, இந்தமுறை முக்கியமாக ஆலையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் கெட்டுப்போனது பற்றி. வாயுக் கசிவுக் கோரிக்கை 1989 சமரசத்தோடு முடிந்தது என்றன அமெரிக்க நீதிமன்றங்கள். ஆலை நிலம் இப்போது மாநில அரசுடையது, அதைச் சுத்தம் செய்ய இங்கிருந்து உத்தரவிட முடியாது என்றன. கழிவுக்குத் தாய்க் கம்பெனி நேரடிப் பொறுப்பு என்பதும் எடுபடவில்லை. மேல்முறையீடு, திருப்பி அனுப்புதல், புது வழக்கு என்று இழுத்து, கடைசித் தள்ளுபடி 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உறுதியானது. அதற்கு முன் 2014-இல் அதைத் தள்ளுபடி செய்த மாவட்ட நீதிபதி, 1986-இல் வழக்கை இந்தியாவுக்கு அனுப்பிய அதே ஜான் கீனன்.